நண்டுக்கு ஒரு சேதி

வதானுகி கென்சாகு எடுத்த பதினோரு படங்களிலும் கதாநாயகன் செத்துப்போனான். ஒன்றில் அவன் கடைசி வரைகூடத் தாங்கவில்லை. பாதிப் படத்திலேயே சேற்று வயலில் முகங்குப்புற விழுந்து, மிச்சக் கதையை அவனைக் கொன்றவன் தலையில் கட்டிவிட்டுப் போனான். வாள் படம் என்றால் வெள்ளைக் கிமோனோ, பூ உதிரும் மரம், ஒரே வீச்சில் பத்துப் பேர் என்று பழகியிருந்த ஜனங்கள் முதலில் மிரண்டார்கள். வதானுகியின் சாமுராய்க்கு வாள் எலும்பில் மாட்டிக்கொள்ளும். செத்தவன் மேல் காலை ஊன்றித்தான் அதை இழுப்பான். வெட்டுப்பட்டவனும் சட்டென்று சாகமாட்டான். ஏதாவது பேசுவான், செருப்பைத் தேடுவான், தண்ணீர் கேட்பான். பத்திரிகைக்காரர்கள் அவருக்கு 'இருட்டு வதானுகி' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பதினோரு படங்களிலும் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் ஃபுசாயே. கழுத்தில் ஸ்டாப்வாட்ச், காதில் பென்சில், மடியில் நோட்டு. எந்தக் கையில் வாள் இருந்தது, ரத்தம் சட்டைக்கையில் எதுவரை வழிந்தது, காட்சி எத்தனை நொடி ஓடியது என்று ஒன்று விடாமல் எழுதுவது அவள் வேலை. போருக்குப் பிறகு நாட்டைப் பிடித்து வாள் படங்களைத் தடுத்துவைத்திருந்த அமெரிக்கர்கள் போய், அவற்றுக்கு மறுபடி வழி பிறந்த வருஷம், இருபத்தாறு வயதில் உசுமாசா ஸ்டுடியோவுக்குள் வந்தவள். இப்போது நாற்பது. போரில் கப்பலோடு போன கணவனுடன் அவள் வாழ்ந்தது மொத்தம் ஏழு மாதம்.

வதானுகியிடம் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. மற்ற டைரக்டர்களின் கதைத்தாளில் சும்மா வந்து வெட்டுப்பட்டுச் சாகிறவர்களுக்கு வீரன் ஒன்று, வீரன் இரண்டு என்றுதான் இருக்கும். இவர் ஒவ்வொருவனுக்கும் முழுப்பெயர் வைப்பார். பெயர் மட்டுமா? "இவனுக்கு இடது காது கொஞ்சம் மந்தம், தலையைச் சாய்ச்சுத்தான் கேப்பான்" என்பார். "இவன் சாப்பிடும்போது யாரும் பார்க்கக்கூடாது, திரும்பி உட்காருவான்" என்பார். திரையில் இருபது நொடி வரப்போகிற ஆளுக்கு இவ்வளவு எதற்கு என்று உதவி டைரக்டர்கள் முணுமுணுத்தார்கள். துணை நடிகர்களோ அவருக்காக உயிரை விட்டார்கள். அவர்களில் மூத்தவரான தோகுரா, இருநூறு தடவைக்கு மேல் வெட்டுப்பட்டுச் செத்த மனிதர், "மத்த இடத்துல நான் பொணம், இங்கதான் ஆளு" என்று சொல்லித் திரிவார்.

ஃபுசாயே அந்தப் பெயர்களைத் தன் நோட்டின் கடைசிப் பக்கங்களில் தனியாக எழுதிக்கொண்டு வந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. முப்பத்தொரு பெயர்கள் சேர்ந்திருந்தன.

அறுபத்தாறாம் வருஷம், மே மாதம். பன்னிரண்டாவது படம் பாதி முடிந்திருந்தது. இதிலாவது கதாநாயகன் குதிரையில் ஏறிப் போகட்டும் என்று ஸ்டுடியோ தலைவர் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்துக்கொண்டிருந்த சமயம். ஒரு முற்பகல், வாசல் காவலாளி ஆள் விட்டு ஃபுசாயேவைக் கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு பொம்பள வந்திருக்காங்க. டைரக்டரைப் பார்க்காம போகமாட்டேன்னு நிக்கறாங்க. கையில மீன் மூட்டை வேற. வாசலே நாறுது."

வெயிலில் நின்றிருந்த பெண்ணுக்கு ஃபுசாயேவின் வயதுதான் இருக்கும். கருத்த முகம், உப்பில் ஊறித் தடித்த விரல்கள், நல்ல நாளுக்கென்று எடுத்து உடுத்திய கிமோனோ. மகபே கினு என்று பெயர் சொன்னாள். வகாசா கடற்கரையிலிருந்து விடிகாலை பஸ்ஸும் ரயிலுமாக வந்திருக்கிறாள்.

"போன வருஷம் வந்த படம், மழையில சண்டை நடக்குமே, அது எங்க ஊருக்கு இந்த மாசந்தான் வந்துது," என்றாள். "அதுல மகபே தமகிச்சின்னு ஒருத்தன் சாகறான். எங்க அண்ணன் பேரு அது."

ஃபுசாயே பணிவாகச் சொல்லிப் பார்த்தாள். "ஒரே பேரு ரெண்டு பேருக்கு இருக்கறது உண்டுதானேங்க?"

"உண்டு. ஆனா அவன் சாகும்போது 'நண்டுகிட்ட சொல்லுங்க, படகை மேல ஏத்திக் கட்டச் சொல்லுங்க, காத்து மாறுது'ன்னு சொல்றானே." அவள் மூட்டையை மாற்றுக் கையில் பிடித்துக்கொண்டாள். "நான்தான் அந்த நண்டு. சின்ன வயசுல படகுப் பலகையில பயந்து பயந்து பக்கவாட்டா நடப்பேன். அவன் ஒருத்தன்தான் அப்படிக் கூப்பிடுவான்."

அந்த வசனத்தை வெட்டச் சொல்லித் தலைவர் இரண்டு வாரம் சண்டை போட்டிருந்தார். ஒரு விமர்சகர் நண்டு என்பது நரகத்தின் குறியீடு என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். வதானுகி எதற்கும் வாய் திறக்கவில்லை.

படப்பிடிப்பில் நாற்பது பேர் கவசத்தோடு வரிசையில் நின்றிருந்தார்கள். ஃபுசாயே டைரக்டரின் காதருகே குனிந்து, "மகபே தமகிச்சியோட தங்கச்சி வந்திருக்காங்க" என்றாள்.

வதானுகி எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. எடுத்து நிறுத்தவும் தோன்றாமல் அவர் நடந்தார்.

படத்தொகுப்பு அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாய் அறை இருந்தது. கினு உள்ளே போகும்போது ஃபுசாயேவின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் இருங்க." அதனால் அவளும் உட்கார்ந்தாள். வதானுகி நெற்றி பாயில் படும்படி வணங்கினார். நிமிரவே இல்லை.

"எந்திரிங்க," என்றாள் கினு. "நீங்க அவன்கூட இருந்தீங்களா?"

"பர்மாவுல. நான் சார்ஜென்ட். என்னோட சேர்த்து நாற்பத்திரண்டு பேர். ஆறு பேர் திரும்பினோம்."

நாற்பத்திரண்டில் ஆறு போனால் முப்பத்தாறு. ஃபுசாயேவின் மனம் தன் நோட்டின் கடைசிப் பக்கங்களுக்கு ஓடியது. பதினான்கு வருஷமாகத் தான் எழுதிவந்தது என்ன என்று அவளுக்கு அந்த நொடியில்தான் விளங்கியது.

"படத்துல ஒருத்தர் அவன் தலையைத் தூக்கி மடியில வெச்சுக்கறார்," என்றாள் கினு. "கடைசிவரைக்கும் வெச்சிருக்கார். அதைக் கேக்கத்தான் வந்தேன். அப்படித்தான் போனானா?"

ஆமாம் என்று சொல்லுங்கள், என்று ஃபுசாயே மனதுக்குள் மன்றாடினாள். ஒரே ஒரு சொல். ஊரையே ஏமாற்றக் கதை பண்ணுகிற மனிதருக்கு இது ஒரு பெரிய விஷயமா?

வதானுகி, "இல்ல" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். மழைக்காலம். ஆற்றைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். தமகிச்சிக்குக் காய்ச்சல் வந்து கால் விழுந்துவிட்டது. எதிரியிடம் பிடிபடாமல் தன்னைத்தானே முடித்துக்கொள்ள, நடக்கமுடியாதவன் கையில் ஒரு கையெறிகுண்டைக் கொடுத்துவிட்டுப் போவது என்று உத்தரவு. "நான்தான் குடுத்தேன். அவன் வாங்கிக்கிட்டு, காத்து மாறுதுன்னு சொன்னான், படகைப் பத்திச் சொன்னான். காய்ச்சல் வேகம். நான் எந்திரிச்சு நடந்தேன். காதைத் தீட்டிக்கிட்டே நடந்தேன். வெடிச் சத்தம் வரவே இல்ல. திரும்பிப் போய்ப் பார்த்திருக்கலாம். போகல."

கினு எழுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். மீன் மூட்டை அங்கேயே கிடந்தது.

குதிரைகளுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயடியில் ஃபுசாயே அவளைக் கண்டுபிடித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

"பொய் சொல்லியிருக்கலாமில்ல?" என்று கத்தினாள். "இத்தனை பெரிய மனுஷர், ஒரு பொய் சொல்லத் தெரியலையா?"

"நானும் அதைத்தான் நினைச்சேன்," என்றாள் ஃபுசாயே.

கினு கைக்குட்டையைத் தேடினாள். ஃபுசாயே தன்னுடையதைக் கொடுத்தாள். பென்சில் தூள் படிந்த கைக்குட்டை. கினுவின் கன்னத்தில் கறுப்பாக இழுகியது. அதைத் துடைத்துவிடப் போய் ஃபுசாயேவும் அழுதுவிட்டாள்.

"சர்க்கார்லேருந்து ஒரு பெட்டி வந்துது," என்றாள் கினு. "உள்ள சாம்பலுக்குப் பதிலா அவன் பேரு எழுதின காகிதம். அதை முன்னால வெச்சுக்கிட்டு நாங்க எப்படி அழுவோம், சொல்லுங்க? படம் பார்த்தப்பதான் முதல்தடவையா வாய்விட்டு அழுதேன். தியேட்டர்ல எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க." மூக்கை உறிஞ்சினாள். "குண்டு நனைஞ்சிருக்கும். அத்தனை மழையில எது வெடிக்கும்? காய்ச்சலோடயே தூங்கிப்போயிருப்பான். எங்கப்பாவும் காய்ச்சல்லதான் போனார். வலியே தெரியல அவருக்கு."

அவள் கிமோனோவை இழுத்துச் சரிசெய்துகொண்டு அறைக்குத் திரும்பினாள். வதானுகி அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"செத்ததை விடுங்க," என்றாள் கினு, எதிரில் உட்கார்ந்து. "இருபது வயசு வரைக்கும் எங்க அண்ணன் எங்கிட்ட இருக்கான். அதுக்கப்புறம் மூணு வருஷம் உங்ககிட்ட இருக்கு. அதைக் குடுங்க."

"அவன்… கொசுவலையை வெட்டி மீன் வலை பின்னினான்," என்றார் வதானுகி.

"திட்டு வாங்கியிருப்பானே?"

"ரெண்டு அறை வாங்கினான். லெப்டினென்ட்கிட்ட. அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுல லெப்டினென்டே அந்த மீனைத் தின்னார்."

கினு சிரித்தாள். அதைப் பார்த்ததும் வதானுகிக்குப் பேச்சு வந்துவிட்டது. ஆற்று மீனெல்லாம் மீனே இல்லை என்று தமகிச்சி சலித்துக்கொண்டது, யானையைப் பார்த்து ஓடிப்போய் மரத்தில் ஏறிக்கொண்டது, ஊரில் யாரோ ஒரு பாய் முடைகிறவர் மகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிச் சார்ஜென்டையே நச்சரித்தது. "பாய் முடையறவர் மகளா? சட்டி மூஞ்சி ஓகியோவா?" என்று கினு துள்ளினாள். "அடப்பாவி! எங்ககிட்ட மூச்சுவிடலையே!" அவர் ஒன்று சொன்னால் அவள் நான்கு கேட்டாள். மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை.

வெளியே கவசத்தோடு நின்றவர்களில் இரண்டு பேர் மயங்கி விழுந்துவிட்டார்கள். தலைவர் முகம் சிவக்க வராந்தாவில் வந்தார். "எங்கய்யா அந்த ஆளு? நாற்பது பேர் வெயில்ல வேகறாங்க!"

கதவை மறித்துக்கொண்டு தோகுரா நின்றார். அன்றைய வேஷத்துக்குக் கழுத்தில் பாதி வெட்டு, மார்பு முழுக்க ரத்தச் சாயம். "உள்ள கதை பேசிட்டிருக்காங்க," என்றார். "நீங்க சொன்னபடி முடிவை மாத்தறதைப் பத்தி."

தலைவர் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகவே திரும்பிப் போனார்.

கினு வெளியே வந்தபோது தோகுரா ஒதுங்கப் பார்த்தார். ஃபுசாயே விடவில்லை. "இவர்தான் தமகிச்சியா நடிச்சவர்," என்றாள். கினு அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயசு, தொப்பை வேறு. "எங்க அண்ணன் இதைவிட அழகு," என்றாள். சொல்லிவிட்டு ஆழமாக வணங்கினாள். அவர் அதைவிட ஆழமாக வணங்கியதில் கழுத்து வெட்டு பிய்ந்து தொங்கியது. மூட்டையை அவர் கையில் கொடுத்தாள். தவிட்டில் ஊறவைத்த கானாங்கெளுத்தி. "கழுவிட்டுச் சுட்டுச் சாப்பிடுங்க. உப்பு ஜாஸ்தி. அவனுக்கு உசிரு."

அவளை ரயில் ஏற்றிவிட்டு வந்த சாயங்காலம், காலியான படப்பிடிப்புத் தளத்தில் வதானுகி தனியாக உட்கார்ந்திருந்தார். ஃபுசாயே நோட்டைத் திறந்து அவர் மடியில் வைத்தாள். அவர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக்கொண்டே போனார்.

"உனக்குத் தெரிஞ்சிருந்துதா?"

"பேருங்கதான் தெரியும். ஆளுங்கன்னு இன்னிக்குத்தான் தெரியும்." அவள் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். "இன்னும் அஞ்சு பேர் பாக்கி. சொல்லுங்க, எழுதிக்கறேன். ஊரோட சொல்லுங்க."

பட்டாளத்தில் தினமும் காலையில் ஆஜர் கூப்பிட்ட வாய் அது. முப்பத்தாறு ஊர்களையும் தட்டாமல் சொன்னது. கடைசியில் அவர் கேட்டார், "அவங்க வீட்டுக்கெல்லாம் போகணும்ங்கறியா?"

"போகத்தான் வேணும்."

"வாசல்ல நிக்க தைரியம் இல்லாமத்தான் இத்தனை படம் எடுத்தேன், ஃபுசாயே."

"அதனாலதான் நானும் வர்றேன். தனியா விட்டா நீங்க வாசலோட திரும்பிடுவீங்க."

பன்னிரண்டாவது படத்திலும் கதாநாயகன் செத்தான். தலைவர் தோகுராவோடு ஒரு வருஷம் பேசவில்லை. படம் இலையுதிர் காலத்தில் வந்து, இரண்டு வாரத்தில் போயிற்று. ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்து டெலிவிஷன் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். தியேட்டருக்கு வந்தவர்கள் சூதாட்ட ரௌடிகளின் படம் கேட்டார்கள். கம்பெனி வதானுகியையும் அதையே எடுக்கச் சொன்னது. அவர் மறுத்தார். இரண்டு வருஷம் சும்மா உட்கார வைத்துவிட்டு, அறுபத்தெட்டில் ஒற்றை வரிக் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பியவர்கள் எல்லோரும் துணை நடிகர்கள்.

அதற்குள் அவரும் ஃபுசாயேவும் பதினான்கு வீடுகளுக்குப் போய்வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போவார்கள். வாசலுக்கு வந்ததும் அவர் அசையாமல் நின்றுவிடுவார். ஒரு தடவை அவள் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்து, "நாலு நிமிஷம் இருபது நொடி. இவ்வளவு நீளக் காட்சியைக் கம்பெனி ஒத்துக்காது" என்று சொல்லிக் கதவைத் தானே தட்டினாள். சில இடங்களில் கதவு முகத்தில் அறைந்து சாத்தப்பட்டது. ஒரு தகப்பனார் ஒன்றுமே பேசாமல் சாகே மதுவை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மறுமணம் செய்துகொண்ட ஒருத்தி வீட்டுக்குள் கூப்பிட முடியாமல், முள்ளங்கி வயல் வரப்பில் உட்கார்த்தி வைத்துக் கேட்டாள். போகும்போது கை கொள்ளாமல் முள்ளங்கி பிடுங்கிக் கொடுத்தாள். பேசினவர்கள் எல்லாரும் கடைசியில் கேட்டது கினு கேட்டதைத்தான். எப்படிச் சிரிப்பான், என்ன சாப்பிட்டான், யாரிடம் வம்பு பண்ணினான்.

முள்ளங்கியைச் சுமந்துகொண்டு ரயிலில் திரும்பும்போதுதான் வதானுகி கேட்டார். "நமக்குள்ள வீடு எதுக்கு ரெண்டு?" அதற்கு மேல் அவருக்கு வசனம் வரவில்லை. "முதல்ல இந்த முள்ளங்கியை யார் வீட்டுல வேகவைக்கறதுன்னு சொல்லுங்க," என்றாள் ஃபுசாயே. அடுத்த வாரம் வார்டு அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிந்துகொண்டார்கள். தோகுரா சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

டெலிவிஷனில் அவருக்கு வேலை கிடைத்தது. வாரம் ஒரு மணி நேரம், ஊர் ஊராக நடக்கும் ஒரு சாமுராயின் கதை. அடுத்த வாரமும் வரவேண்டியவன் என்பதால் கதாநாயகன் சாகக்கூடாது. முதல் மாதம் வதானுகி திணறித்தான் போனார். "இந்தக் காயத்துக்கு இவன் எப்படிப் பிழைப்பான்?" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து யோசிப்பார். "கட்டு போட்டுவிடுங்க, கஞ்சி குடுங்க, நாலு நாள் படுக்கவையுங்க," என்பாள் ஃபுசாயே. "எல்லாரும் அப்படித்தான் பிழைக்கறாங்க." அவர் அதை எழுதிக்கொள்வார். ஐம்பதாவது வயதில் ஒரு மனிதனை உயிரோடு வைத்திருக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

எழுபதாம் வருஷம் நவம்பரில், தம்பா மலைப்பக்கம் ஹிராகி சோதா என்பவன் வீட்டைத் தேடிப் போனார்கள். நான்காவது படத்தில் நாணல் காட்டுக்குள் மூன்று அம்பு வாங்கிச் சாகிறவன். ஊரில் விசாரித்ததற்கு, "டோஃபு கடை, பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்றார்கள். தம்பியோ மகனோ நடத்துவார்கள் என்று போனால், கல்லாவுக்குப் பின்னால், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, இடது காதுப்பக்கம் தலையைச் சாய்த்தபடி நின்றிருந்தான் ஒருவன்.

வதானுகி வாசற்படியிலேயே கல்லாகிவிட்டார்.

அவனும் பார்த்தான். கையில் இருந்த சோயா டோஃபுக் கட்டி வழுக்கித் தொட்டித் தண்ணீரில் விழுந்தது. "வந்துட்டீங்களா, சார்ஜென்ட்!" என்று அலறினான். "என்னைக் கொன்னுட்டு இத்தனை வருஷம் கழிச்சு வர்றீங்களே!"

"ஹிராகி," என்றார் வதானுகி. "நீ… ஆத்தோட…"

"ஆத்தோடதான் போனேன். கீழ இங்கிலீஷ்காரன் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரில கிடத்தினான். கைதியாத் திரும்பினவன் யார்கிட்ட என்னன்னு சொல்றது? வெக்கமா இருந்துது. வாயை மூடிக்கிட்டு டோஃபு போட்டேன்." அவன் கைகளைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். "அப்புறம் பார்த்தா, தியேட்டர்ல நான் சாகறேன்! மூணு அம்பு! எம் பொண்டாட்டி பக்கத்துல உட்கார்ந்து ஓன்னு அழறா. நான் கடலை தின்னுக்கிட்டிருக்கேன், 'ஏண்டி, நான் இங்க இருக்கேன்டி'ன்னு சொன்னாலும் நிறுத்தமாட்டேங்கறா."

உள்ளிருந்து வந்த அவன் மனைவி வெட்கத்தோடு வணங்கினாள். "ரொம்ப நல்லாச் செத்தார்," என்றாள்.

வதானுகி ஹிராகியின் இரண்டு தோள்களையும் பிடித்தார். அழுத்திப் பார்த்தார், உலுக்கிப் பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் தாரையாக ஓடியது, துடைக்கவில்லை. கிண்ணத்தோடு டோஃபு வாங்க வந்த ஒரு கிழவர் இதைப் பார்த்துவிட்டுப் பிறகு வருவதாகச் சொல்லித் திரும்பினார்.

"உள்ள வாங்க, சூடா இருக்கு, ஆறிடப்போகுது," என்றான் ஹிராகி. "நாலு பேரும் சாப்பிடலாம். ஆனா ஒண்ணு, சார்ஜென்ட். அந்த அம்பு ஒண்ணு என் பின்பக்கத்துல குத்துச்சே, அது எதுக்கு? ஊர்ல இன்னும் அதைச் சொல்லியே கூப்பிடறாங்க."

வதானுகியின் தோள்கள் குலுங்கின. மறுபடியும் அழுகிறார் என்றுதான் ஃபுசாயே நினைத்தாள். பிறகு சத்தம் வந்தது. துருப்பிடித்த கதவு திறப்பது போல ஒரு கிறீச்சிடல், அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் அடக்கமுடியாமல் வரிசையாக. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார்.

ஹிராகியின் மனைவி கவலையோடு ஃபுசாயே பக்கம் சாய்ந்தாள். "இவர் எப்பவும் இப்படித்தான் சிரிப்பாரா, அக்கா?"

"தெரியலையே," என்றாள் ஃபுசாயே, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நானும் இப்பத்தான் கேக்கறேன்."